வீட்டில் பாத்திரங்கழுவி இயந்திரம் நிறுவுதல்

பாத்திரங்கழுவி என்பது சூடான நீரைச் சுழலும் கைகளின் துளைகள் வழியாகப் பீய்ச்சிப் பாத்திரங்களைத் தூய்மை செய்யும் மின் இயந்திரம் ஆகும். நடைமுறையில் வெற்றி பெற்ற முதல் இயந்திரத்தை உருவாக்கிய அமெரிக்கப் பெண்மணி ஜோசபின் காக்ரேன், 1886 டிசம்பர் 28 அன்று அதற்குக் காப்புரிமை பெற்றார். இந்தியாவில் 2020ஆம் ஆண்டுப் பொதுமுடக்கத்தின்போது இதன் விற்பனை கூடியது.

நீர் வரும் குழாய், கழிவுநீர் போகும் குழாய், மின்சாரம் ஆகிய மூன்று இணைப்புகளே இதற்குத் தேவை. கைத்திறன் உள்ளவர்கள் முதல் இரண்டையும் தாங்களே செய்துகொள்ளலாம். ஆனால் தாமே நிறுவினால் உத்தரவாதம் செல்லுமா என்பதை முதலில் கையேட்டில் பார்க்க வேண்டும்.

வட்டாரச் சூழல்

மழை குறைந்த வறண்ட வானிலை, சிவகாசியில் தீப்பெட்டித் தொழிலும் பட்டாசுத் தொழிலும் வேரூன்றியதற்கு ஒரு காரணம். அதே வறட்சிதான் பாத்திரங்கழுவிக்கு இடையூறாகிறது. மழை குறைந்து ஆவியாதல் மிகுந்த நிலத்தில் நிலத்தடி நீரின் உப்புச் செறிவு கூடுகிறது. காய்ந்த மண்ணில் எர்த் இணைப்பும் வலுவிழக்கிறது. விருதுநகர், சாத்தூர், அருப்புக்கோட்டை ஆகிய ஊர்களுக்குத் தாமிரபரணி நீர் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தில் வருகிறது. எனினும், பல வீடுகளில் அது குடிக்கவும் சமைக்கவும் மட்டும் பயன்படுகிறது. மாடித் தொட்டியில் ஏறுவது ஆழ்துளைக் கிணற்று நீராகவோ லாரி நீராகவோ இருக்கலாம். இயந்திரத்துக்குள் போவதும் அந்தப் புழங்கும் நீரே.

இடம்

முழு அளவு இயந்திரம் சுமார் 60 செ.மீ. அகலமும் ஆழமும், 85 செ.மீ. உயரமும் கொண்டது. கடப்பாக்கல் மேடைக்கு அடியில் இந்த அளவு கிடைக்காவிட்டால் பாத்திரம் துலக்கும் தொட்டிக்குப் பக்கத்தில் தனியாக வைக்கலாம். ரசமட்டம் வைத்துப் பார்த்து, கால்களைத் திருகிச் சமன்செய்ய வேண்டும். சாய்வாக நின்றால் கதவோரம் நீர் கசியும்.

நீர் இணைப்பு

இயந்திரத்தின் குழாய் முக்கால் அங்குல மரையில் பொருந்தும். அதற்குத் தனியாக ஒரு குழாய்த்திறப்பு வைப்பது நல்லது. இணைக்கும் முன் ஒரு வாளி நீரைத் திறந்துவிட்டால் குழாயில் தங்கிய மணலும் துருவும் வெளியேறும். வடிகட்டி வலையும் ரப்பர் வாஷரும் இடத்தில் உள்ளனவா என்று பார்த்துக் கையால் இறுக்கினால் பெரும்பாலும் போதும்.

பல இயந்திரங்களுக்குக் குறைந்தது 0.3 முதல் 0.5 பார் அழுத்தம் தேவை. 10 மீட்டர் உயர நீர் ஏறக்குறைய 1 பார் அழுத்தம் தரும். அதாவது தொட்டியின் நீர்மட்டம் இயந்திரத்தின் வால்வுக்கு மேல் 3 மீட்டரில் இருந்தால் கிடைப்பது 0.3 பார் மட்டுமே. மெல்லிய குழாயில் அதுவும் குறையும். ஒரு தள வீடுகளில் தொட்டியை மேடை கட்டி உயர்த்தலாம் அல்லது அழுத்த மோட்டார் பொருத்தலாம். ஒரு முறை கழுவச் சுமார் 10 லிட்டர் நீர் செலவாகும். தொட்டி காலியானால் இயந்திரம் பாதியில் நின்றுவிடும்.

கழிவுநீர்க் குழாய்

பெரும்பாலான வகைகளில் கழிவுநீர்க் குழாயின் உயரம் தரையிலிருந்து 40 முதல் 100 செ.மீ. வரை இருக்க வேண்டும். அதற்குக் கீழே விட்டால் உள்ளே நிரம்பும் நீர் தானாகவே வடிந்துவிடும். மிக உயர்த்தினால் பம்பால் தள்ள முடியாது. குழாயின் முனை சாக்கடை நீரில் மூழ்கியிருக்கக் கூடாது. மூழ்கியிருந்தால் அழுக்கு நீர் திரும்ப உறிஞ்சப்படலாம்.

மின்சாரமும் எர்த்தும்

ஏறக்குறைய 2000 வாட் இழுக்கும் இயந்திரம் 230 வோல்ட்டில் 8.7 ஆம்பியர் மின்னோட்டம் எடுக்கும். ஆகவே 6 ஆம்பியர் பிளக்கும் நீட்டிப்புப் பலகையும் கூடாது. தனி 16 ஆம்பியர் சாக்கெட், கைக்கு எட்டும் இடத்தில், இயந்திரத்துக்குப் பின்னால் அல்லாமல் பக்கத்தில் அமைய வேண்டும்.

நீரும் மின்சாரமும் உலோகப் பெட்டிக்குள் சேர்ந்திருப்பதால் எர்த் இன்றி இயக்குவது உயிருக்கு ஆபத்து. கரிசல் மண் கோடையில் சுருங்கி வெடிப்பதால் எர்த் கம்பிக்கும் மண்ணுக்கும் உள்ள தொடர்பு குறையும். மழைக்காலத்தில் சரியாக இருந்த எர்த், சித்திரையில் சரியாக இருக்கும் என்று சொல்ல முடியாது. எர்த் குழிக்கு அவ்வப்போது நீர் ஊற்றி, உரிமம் பெற்ற மின்பணியாளரைக் கொண்டு அளந்து பார்க்க வேண்டும். 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. பொருத்துவதும் இன்றியமையாதது. இந்தப் பகுதியை மட்டும் வீட்டார் தாமே செய்யக் கூடாது.

கடின நீருக்கு உப்பு

கடினத்தன்மைக்குக் காரணம் கால்சியம், மக்னீசியம் உப்புகள். சூடாகும்போது இவை வெள்ளைப் படிவமாக ஒட்டிக்கொண்டு, சூடேற்றியையும் பீய்ச்சும் துளைகளையும் அடைக்கின்றன. இந்தியத் தர நிர்ணயமான ஐ.எஸ். 10500 குடிநீரில் ஒரு லிட்டருக்கு 200 மி.கி. கடினத்தன்மையை ஏற்கிறது; வேறு நீர் இல்லாதபோது 600 மி.கி. வரை அனுமதிக்கிறது.

பல இயந்திரங்களின் உள்ளே இருக்கும் பிசின் மணிகள் கால்சியத்தைப் பிடித்துக்கொண்டு சோடியத்தை விடுகின்றன. அந்த மணிகளைப் புதுப்பிக்கவே உப்பு தேவைப்படுகிறது. கையேடுகள் கடினத்தன்மையைப் பெரும்பாலும் ஜெர்மன் டிகிரியில் குறிக்கும். மி.கி. அளவை 17.8 ஆல் வகுத்தால் அது கிடைக்கும்: 600 மி.கி. என்பது சுமார் 34 டிகிரி. அதற்கேற்ப இயந்திரத்தில் அளவை அமைக்க வேண்டும். டி.டி.எஸ். கருவி கடினத்தன்மையைத் தனியே காட்டாது. சோதனைத் தாள் அல்லது தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகப் பரிசோதனையே சரியான வழி.

முதல் தடவை உப்பு அறையை நீரால் நிரப்பி, பிறகு பாத்திரங்கழுவிக்குரிய உப்பைப் போட வேண்டும். சமையல் உப்பில் கட்டிபிடிக்காமல் இருக்கச் சேர்க்கும் பொருள்கள் மணிகளைக் கெடுக்கும். சிந்திய உப்பு உலோகத்தை அரிக்கும் என்பதால், உப்பு போட்டவுடன் பாத்திரமின்றி ஒரு முறை ஓடவிட வேண்டும். அப்போதே எல்லா இணைப்புகளிலும் கசிவு உள்ளதா என்று பார்த்துவிடலாம்.

பாத்திரங்கள்

எவர்சில்வர், கண்ணாடி, பீங்கான் ஆகியவை இதற்கு ஏற்றவை. அலுமினியம் கறுக்கும், பித்தளையும் செம்பும் மெருகிழக்கும், இரும்பு தோசைக்கல் துருப்பிடிக்கும், மரக்கரண்டி வெடிக்கும். இவற்றைக் கையால் துலக்குவதே நல்லது.