ஏறினேனா, ஏறியிருக்கிறேனா?

தே தாரிக் ஆறட்டும். அதற்குள் ஆங்கில இலக்கணத்தில் ஒரே ஒரு முடிச்சை அவிழ்த்துப் பார்ப்போம். எஸ்.பி.எம். தேர்வுக்குப் படிக்கும் என் தங்கை மகள் நேற்று தன் கட்டுரையை மேசையில் விரித்தாள். பினாங்குக் கொடிமலையைப் பற்றியது. 'ஐ ஹேவ் கிளைம்ப்டு பெனாங் ஹில் லாஸ்ட் சண்டே' என்ற வரியைச் சுற்றிச் சிவப்பு வட்டம். "போன ஞாயிறுதானே மாமா? இப்பத்தானே நடந்துச்சு? அதான் 'ஹேவ்' போட்டேன்" என்றாள்.

நம்மில் பலரும் இப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறோம்: அண்மையில் நடந்தது என்றால் 'ஹேவ்', எப்போதோ நடந்தது என்றால் வெறும் 'கிளைம்ப்டு'. ஆனால் நான் கொடிமலை ஏறி நாற்பது வருடம் ஆகிறது. 'ஐ ஹேவ் கிளைம்ப்டு பெனாங் ஹில்' என்று நான் சொன்னால் அதில் பிழையே இல்லை. ஏழு நாளுக்கு முன் ஏறியவள் சொன்னது பிழை. அப்படியானால் எத்தனை நாளாயிற்று என்பது இங்கே கணக்கில்லை.

விடை நம் வீட்டு அடுப்படியிலேயே இருக்கிறது. "மீன்குழம்பு வெச்சேன்" என்று அக்கா சொன்னால் அது ஒரு செய்தி. சட்டியைக் கழுவிக் கவிழ்த்தும் இருக்கலாம். "மீன்குழம்பு வெச்சிருக்கேன்" என்றால் நாம் கை கழுவ எழுந்துவிடுகிறோம். வைத்து முடித்தது பழைய வேலை. அந்த 'இருக்கேன்' நிகழ்காலம். வேலை முடிந்தது, அதன் பலன் இப்போது நம் முன்னால் இருக்கிறது. ஆங்கில 'ஹேவ்' செய்வதும் இதையேதான். மலை ஏறியது என்றோ முடிந்த கதை, ஏறிய அனுபவம் இன்றும் என் கையில்.

"'ஹேவ்'னா 'வைத்திருக்கிறேன்'னுதானே அர்த்தம்?" என்று கேட்டாள். 'ஐ ஹேவ் எ பென்' என்று முதலாம் ஆண்டில் படித்த அதே சொல்தான். சொற்களை மீள்பார்வை செய்கிறோம் என்று புதுப் பட்டியல்களை மனப்பாடம் செய்வதைவிட, தெரிந்த சொல்லின் தெரியாத பக்கத்தைத் திருப்பிப் பார்ப்பதே அதிகம் உதவும் என்பது என் எண்ணம். 1816-இல் ஹட்சிங்ஸ் பாதிரியார் தொடங்கிய பினாங்கு ஃப்ரீ ஸ்கூலையே பாருங்கள். 'ஃப்ரீ' என்றதும் இலவசம் என்று நினைக்கிறோம். எந்த இனத்தாருக்கும் எந்தச் சமயத்தாருக்கும் கதவு திறந்த பள்ளி என்பதே அந்தப் பெயரின் கருத்து.

சரி, வட்டமிட்ட வரிக்கு வருவோம். 'லாஸ்ட் சண்டே' ஒரு பூட்டு. 'யெஸ்டர்டே', 'இன் 1990' எல்லாம் அப்படித்தான். செயலைப் போய்விட்ட ஒரு நாளுக்குள் வைத்துப் பூட்டிவிடுகின்றன. பூட்டிய பிறகு 'இப்போது என் கையில்' என்று சொல்ல முடியாது. "போன ஞாயித்துக்கிழமை நான் கொடிமலை ஏறியிருக்கேன்" என்று உரக்கச் சொல்லிப் பார்க்கச் சொன்னேன். பாதியிலேயே நிறுத்தி, "ஏறினேன்" என்று அவளே திருத்திக்கொண்டாள்.

இன்னொரு பழக்கமும் இந்த ஊரில் உண்டு. மலாயில் வினைச்சொல் காலத்துக்காக உருமாறாது; 'சூடா மாக்கான்' என்றால் சாப்பிட்டாயிற்று. ஹொக்கியனில் கடைசியில் ஒரு 'லியாவ்' சேர்த்தால் போதும். இந்த வாடையில்தான் நாம் 'ஐ ஈட் ஆல்ரெடி' என்கிறோம். அதை அறியாமை என்று நான் சொல்லமாட்டேன். மூன்று மொழி தெரிந்த காது தனக்கென்று செய்துகொண்ட ஒழுங்கு அது. தேர்வுத் தாளில் மட்டும் 'ஐ ஹேவ் ஈட்டன்' என்று எழுதிவிடுவோம்.

தமிழைப் பிடித்துக்கொண்டே கடைசிவரை போகவும் முடியாது. காலையில் ஈரத் தெருவைப் பார்த்து "ராத்திரி மழை பெஞ்சிருக்கு" என்கிறோம். நம் 'இருக்கு' ஊகத்துக்கும் வரும். ஆங்கிலத்தில் அங்கே 'மஸ்ட் ஹேவ் ரெயின்ட்' என்று வேறு வழியில் போகவேண்டும்.

அவள் 'ஹேவ்'வை அடித்துவிட்டு அடுத்த வரிக்குப் போனாள். மூன்று வருடத்துக்கு முன் தவறிப்போன என் அப்பாவைப் பற்றிய வரி அது. "தாத்தாவும் நிறைய தடவை ஏறியிருக்காரே. 'ஹேஸ் கிளைம்ப்டு'தானே?" என்றாள்.

இல்லை. அந்த 'ஹேஸ்' நிகழ்காலம். அதைச் சொல்ல, ஏறியவர் இன்று இருக்கவேண்டும். இறந்தவருக்கு ஆங்கிலம் 'கிளைம்ப்டு' மட்டுமே தரும். தமிழில் நாம் இன்னமும் "தாத்தா ஏறியிருக்கார்" என்றுதான் சொல்கிறோம். அவள் கொஞ்ச நேரம் பேனாவை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பிறகு 'கிளைம்ப்டு' என்று எழுதினாள்.