ஒன்பதாம் வகுப்பில் ஓசையின்றி மூடும் கதவுகள்

அமெரிக்காவில் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளின் வீடுகளுக்கு ஜனவரி, பிப்ரவரி வாக்கில் ஒரு படிவம் வரும். அடுத்த கல்வியாண்டில் ஹைஸ்கூலுக்குள் நுழையப் போகிறாய், ஒன்பதாம் வகுப்பில் என்னென்ன பாடம் வேண்டும் என்று கேட்கும் படிவம். பெரும்பாலான பள்ளிகளில் ஒரு நாளைக்கு ஆறு அல்லது ஏழு பீரியட். அவற்றில் பாதிக்கு மேல் பள்ளியே நிரப்பிவிடும். மீதியில் பிள்ளை டிக் அடிக்கும், அம்மாவோ அப்பாவோ கையெழுத்துப் போடுவார்கள்.

தமிழ்நாட்டில் படித்துவிட்டு அங்கே குடியேறிய பெற்றோருக்கு இதைப் பார்த்ததும் பிளஸ் ஒன்னில் குரூப் எடுத்த நாள் நினைவுக்கு வரும். ஆனால் இரண்டும் ஒன்றல்ல. நம்மூரில் பத்தாம் வகுப்பு மார்க்கைக் கையில் வைத்துக்கொண்டு ஒரே தடவை முடிவெடுக்கிறோம். கணக்கு இல்லாத காமர்ஸ் குரூப் எடுத்தவருக்கு என்ஜினீயரிங் இல்லை என்பது அன்றைக்கே ஊருக்கெல்லாம் தெரியும். கதவு சாத்தப்படும் சத்தம் எல்லோர் காதிலும் விழுகிறது. அமெரிக்கப் பள்ளியிலோ வருடா வருடம் தேர்வு செய்யலாம், மாற்றலாம், எதுவும் நிரந்தரமில்லை என்று ஆசிரியர்களே தைரியம் சொல்வார்கள். அவர்கள் சொல்வது பொய்யல்ல. ஆனாலும் சில கதவுகள் ஓசையின்றி மூடிக்கொள்கின்றன. பன்னிரண்டாம் வகுப்பில் பல்கலைக்கழக விண்ணப்பத்தைத் திறந்து வைத்துக்கொண்டு உட்காரும்போதுதான் அது தெரியவரும்.

இதற்கு மூலகாரணம், ஹைஸ்கூலை முடிப்பதும் பல்கலைக்கழகத்துக்குத் தகுதி பெறுவதும் இரு வேறு கணக்குகளாக இருப்பது. அமெரிக்காவில் நாடு முழுவதற்கும் பொதுவான பள்ளியிறுதிச் சான்றிதழ் கிடையாது. ஹைஸ்கூலை முடித்ததற்கான டிப்ளமாவுக்கு என்ன தேவை என்பதை மாநிலமும், அதன் கீழுள்ள பள்ளி மாவட்டமும் வகுக்கின்றன. பல்கலைக்கழகத்துக்கு என்ன தேவை என்பதைப் பல்கலைக்கழகம் வகுக்கிறது. இந்த இரண்டு கணக்குக்கும் உள்ள இடைவெளி கலிஃபோர்னியாவில் பளிச்சென்று தெரியும். தமிழ்க் குடும்பங்கள் நிறைய வாழும் மாநிலமும்கூட என்பதால் அதையே எடுத்துக்கொள்வோம்.

மாநிலச் சட்டம் கேட்பது குறைந்தபட்சம்தான். ஆங்கிலம் 3 வருடம், கணக்கு 2, அறிவியல் 2, வரலாறும் குடிமையியலும் பொருளாதாரமும் சேர்ந்து 3, உடற்கல்வி 2. இவை போக, கலை, வேற்றுமொழி, தொழிற்கல்வி ஆகிய மூன்றில் ஏதாவது ஒன்று 1 வருடம். இதன்மேல் ஒவ்வொரு மாவட்டமும் தன் பங்குக்குச் சேர்த்துக்கொள்ளும். ஒரு செமஸ்டர் பாடத்துக்கு 5 கிரெடிட் என்ற கணக்கில் லாஸ் ஏஞ்சலஸ் மாவட்டம் 210 கிரெடிட் கேட்கிறது, சான் ஃபிரான்சிஸ்கோ 230.

பெர்க்லியையும் யுசிஎல்ஏவையும் உள்ளடக்கிய கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகம் வைத்திருப்பது வேறு பட்டியல். ஏ முதல் ஜி வரை ஏழு எழுத்துகள், மொத்தம் 15 ஆண்டுப் பாடங்கள். ஏ வரலாறு 2, பி ஆங்கிலம் 4, சி கணக்கு 3, டி அறிவியல் 2, ஈ வேற்றுமொழி 2, எஃப் கலை 1, ஜி விருப்பப் பாடம் 1. இவற்றில் 11 பாடங்களைப் பதினோராம் வகுப்புக்குள்ளேயே முடித்திருக்க வேண்டும். சான் ஹோசே, சான் டியாகோ போன்ற ஊர்களில் இருக்கும் மாநிலப் பல்கலைக்கழகங்களும் இதே பட்டியலைத்தான் கேட்கின்றன.

இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மாநிலத்துக்குக் கணக்கு இரண்டு வருடம் போதும், பல்கலைக்கு மூன்று வருடம் வேண்டும். மாநிலம் ‘கலை அல்லது மொழி அல்லது தொழிற்கல்வி’ என்கிறது, பல்கலை ‘மொழியும் வேண்டும், கலையும் வேண்டும்’ என்கிறது. ஆசையாக ஆட்டோமொபைல் பாடம் எடுத்த பையன் மாநிலச் சட்டத்தின் அந்த வரியை ஒழுங்காகப் பூர்த்தி செய்துவிட்டான். பல்கலையின் ஈ, எஃப் இரண்டுமே அவனுக்குக் காலி. அவனிடம் யாரும் பொய் சொல்லவில்லை. இரண்டாவது பட்டியலை யாரும் எடுத்துக் காட்டவில்லை, அவ்வளவுதான்.

இதைவிட நுணுக்கமான இடைவெளி கிரேடில் இருக்கிறது. டி கிரேடு வாங்கினால் பள்ளியில் பாஸ், கிரெடிட்டும் ஏறிவிடும். பல்கலைக்கு சி-க்குக் கீழே எதுவும் செல்லாது. லாஸ் ஏஞ்சலஸ் மாவட்டம் இந்த ஏ-ஜி பட்டியலையே டிப்ளமாவின் நிபந்தனையாக்க 2005-இல் முடிவு செய்தது. நல்ல நோக்கம். ஆனால் நிறையப் பிள்ளைகள் முடிக்காமல் நின்றுவிடுவார்கள் என்ற பயம் வந்ததும், டிப்ளமாவுக்கு டி போதும் என்று 2015-இல் தளர்த்தினார்கள். ஆக, ஒரே பாடங்களை, ஒரே வகுப்பறையில், ஒரே ஆசிரியரிடம் படித்து முடித்த இருவரில் ஒருவருக்கு மட்டும் பல்கலை வாசல் திறந்திருக்கும். சில பாடங்களில் மன்னிப்பு உண்டு. அல்ஜீப்ரா 1-இல் டி வாங்கியவர் அல்ஜீப்ரா 2-இல் சி வாங்கிவிட்டால் பழையதைப் பல்கலை கண்டுகொள்ளாது. மொழியிலும் அப்படியே. ஆங்கிலத்துக்கு இந்தச் சலுகை இல்லை, கோடை விடுமுறையிலாவது மறுபடி படித்துத்தான் தீர வேண்டும்.

கிரெடிட் என்ற இந்த அளவுகோல் பிறந்த கதை வேடிக்கையானது. அதைப் பிள்ளைகளின் கல்வியை மனதில் வைத்து யாரும் உருவாக்கவில்லை. பேராசிரியர்களின் பென்ஷனுக்காக உருவானது. இரும்பு வியாபாரத்தில் கோடீஸ்வரரான ஆண்ட்ரூ கார்னகி, கல்லூரிப் பேராசிரியர்கள் ஓய்வுக்குப் பிறகு கஷ்டப்படக்கூடாது என்று 1905-இல் ஒரு கோடி டாலர் கொடுத்தார். பணம் வந்ததும் ஒரு கேள்வி எழுந்தது: எதைக் கல்லூரி என்று ஒப்புக்கொள்வது? அக்காலத்தில் ஹைஸ்கூல் தரத்தில் பாடம் நடத்திக்கொண்டு கல்லூரி என்று பெயர்ப்பலகை வைத்தவர்கள் நிறைய. 14 யூனிட் ஹைஸ்கூல் படிப்பை முடித்தவர்களை மட்டும் சேர்க்கும் இடமே கல்லூரி என்று கார்னகி அறக்கட்டளை வரையறுத்தது. ஒரு பாடத்தை வருடத்தில் சுமார் 120 மணி நேரம் வகுப்பில் உட்கார்ந்து படித்தால் ஒரு யூனிட். பென்ஷன் வேண்டிய கல்லூரிகள் ஒத்துக்கொண்டன, கல்லூரிகளுக்குப் பிள்ளைகளை அனுப்பும் பள்ளிகளும் வழிக்கு வந்தன. அதே அறக்கட்டளை இன்று, உட்கார்ந்த நேரத்தைக் கல்வியாகக் கணக்கிடுவது போதும், வேறு அளவுகோல் தேடுவோம் என்கிறது. நூற்றாண்டைத் தாண்டியும் அளவுகோல் அசையவில்லை. கலிஃபோர்னியாவில் வருடத்துக்கு 10 என்று எழுதப்படும் அதே பாடம் டெக்சஸில் 1 என்று எழுதப்படுவதைப் பார்த்துப் பதறும் பெற்றோர், இரண்டும் கார்னகியின் ஒரே யூனிட்தான் என்று தெரிந்தால் நிம்மதியடைவார்கள்.

ஒன்பதாம் வகுப்புப் படிவத்தில் உண்மையிலேயே யோசித்து நிரப்ப வேண்டிய கட்டங்கள் இரண்டுதான் என்பது என் கணிப்பு: கணக்கும் மொழியும். மற்றவற்றைத் தவறவிட்டாலும் பதினொன்றிலோ பன்னிரண்டிலோ சேர்த்துக்கொள்ள முடியும். இவை இரண்டும் படிக்கட்டுப் பாடங்கள், ஒன்றை முடிக்காமல் அடுத்ததில் ஏற முடியாது.

கணக்கின் வழக்கமான வரிசை அல்ஜீப்ரா 1, ஜியோமெட்ரி, அல்ஜீப்ரா 2, ப்ரீகால்குலஸ், கால்குலஸ். ஐந்து படி. ஹைஸ்கூலோ நான்கே வருடம். பன்னிரண்டில் கால்குலஸ் படிக்க வேண்டுமானால் எட்டாம் வகுப்பிலேயே அல்ஜீப்ரா 1 முடிந்திருக்க வேண்டும். இந்த எளிய கூட்டல் கணக்குதான் சான் ஃபிரான்சிஸ்கோவில் பத்து வருடச் சண்டையானது. எல்லாப் பிள்ளைகளும் ஒன்றாகத் தொடங்கட்டும், சீக்கிரமே தரம் பிரிப்பது ஏழைப் பிள்ளைகளைப் பின்தள்ளுகிறது என்று சொல்லி, அந்த மாவட்டம் 2014-இல் எட்டாம் வகுப்பிலிருந்து அல்ஜீப்ராவை எடுத்துவிட்டது. வசதியுள்ளவர்கள் வெளியே பணம் கட்டிப் படிக்கவைத்தார்கள். வசதியில்லாதவர்களுக்கு அந்த வழியும் அடைபட்டது. 2024 பிப்ரவரியில் பள்ளி வாரியம் அல்ஜீப்ராவைத் திரும்பக் கொண்டுவர முடிவெடுத்தது. அடுத்த மாதமே நடந்த ஆலோசனை வாக்கெடுப்பில் நகர மக்களும் பெருவாரியாக அதை ஆதரித்தார்கள்.

எட்டில் அல்ஜீப்ரா கிடைக்காத பிள்ளைக்கு வேறு வழிகளும் உண்டு. கோடையில் ஜியோமெட்ரி முடிக்கலாம், பத்தாம் வகுப்பில் ஜியோமெட்ரியையும் அல்ஜீப்ரா 2-ஐயும் சேர்த்தே எடுக்கலாம். எல்லாருக்கும் கால்குலஸ் வேண்டும் என்று நான் சொல்லவில்லை. சரித்திரம் படிக்கப் போகிறவளுக்கு ப்ரீகால்குலஸோடு நின்றால் ஒரு குறையும் இல்லை. ஆனால் அது அவளே அறிந்து எடுத்த முடிவாக இருக்க வேண்டும். இடையில் டேட்டா சயன்ஸ் பாடம் எடுத்தால் அல்ஜீப்ரா 2 தேவையில்லை என்றொரு பேச்சு பலமாக அடிபட்டது. அந்த மாற்றுவழி செல்லாது என்று பல்கலைக்கழகத்தின் பேராசிரியர் குழு 2023-இல் சொல்லிவிட்டது.

பெற்றோரின் வாட்ஸ்அப் குழுக்களில் அதிகம் பேசப்படுவது இதெல்லாம் இல்லை. எத்தனை ஏபி பாடம் என்பதுதான் பேச்சு. கல்லூரித் தரத்தில் நடத்தப்படும் இந்தப் பாடங்களில் ஏ வாங்கினால் நான்குக்குப் பதில் ஐந்து புள்ளி என்பதால் கிரேடுகளின் சராசரியான ஜிபிஏ ஏறும், உண்மை. ஆனால் கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகம் ஜிபிஏ கணக்கிடுவது ஒன்பதாம் வகுப்பு முடிந்த கோடையிலிருந்து பதினொன்றாம் வகுப்பு முடிந்த கோடை வரையில்தான். ஒன்பதாம் வகுப்புப் பாடங்கள் பட்டியலை நிரப்பும், கிரேடு ஜிபிஏயில் சேராது. கூடுதல் புள்ளிக்கும் வரம்பு உண்டு: மொத்தம் 8 செமஸ்டர், அதில் பத்தாம் வகுப்பிலிருந்து 4-க்கு மேல் எடுத்துக்கொள்ள மாட்டார்கள். பத்து ஏபி படித்தாலும் கூட்டிக்கொள்வது நான்கு ஆண்டுப் பாடங்களுக்குத்தான். கடினமான பாடங்களை எடுத்திருக்கிறாரா என்று விண்ணப்பத்தைப் படிப்பவர்கள் பார்ப்பார்கள் என்பது வேறு விஷயம். ஆனால் பதின்மூன்று வயதில் தூக்கத்தைக் கெடுத்து ஓட வேண்டிய ஓட்டம் இல்லை இது.

டெக்சஸில் வாழ்பவர்கள் மேலே உள்ள பத்தியைப் படித்துவிட்டு அசந்துவிடக்கூடாது. அங்கே 1997-இல் வந்த சட்டப்படி, பள்ளியில் முதல் 10 சதவீதத்துக்குள் வருகிறவர்களுக்கு மாநிலப் பல்கலைக்கழகங்களில் தானாகவே இடம். ஆஸ்டினில் உள்ள பல்கலைக்கழகத்தில் மட்டும் கெடுபிடி இன்னும் அதிகம். பெரும்பாலான மாவட்டங்களில் அந்தத் தரவரிசை ஒன்பதாம் வகுப்பின் முதல் நாளிலேயே தொடங்கிவிடுகிறது. அறிவியலா, வணிகமா, கலையா என்று ஒரு சிறப்புப் பிரிவையும் ஹைஸ்கூலில் நுழையும்போதே எழுதிக் கொடுக்க வேண்டும். வேலை மாற்றலில் ஹூஸ்டனுக்கும் சான் ஹோசேக்கும் இடையே பெட்டி கட்டும் குடும்பங்கள் இந்த வித்தியாசத்தை முன்கூட்டியே கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது.

கலிஃபோர்னியாவில் இன்னொரு வசதி உண்டு. ஹைஸ்கூலில் இருக்கும்போதே பக்கத்துக் கம்யூனிட்டி காலேஜில் பெரும்பாலும் கல்விக் கட்டணம் இல்லாமல் படிக்கலாம். அங்கே ஒரு செமஸ்டர் படித்தால் ஏ-ஜி கணக்கில் ஒரு வருடம். கேட்கக் கவர்ச்சியாக இருக்கும். ஆனால் அங்கே வாங்கும் கிரேடு கல்லூரிப் பதிவேட்டில் நிரந்தரமாகத் தங்கும். நாளைக்கு மருத்துவக் கல்லூரிக்கு விண்ணப்பித்தால் பதினைந்து வயதில் வாங்கிய அந்த சி-யையும் காட்டியாக வேண்டும்.

விதிகள் நடுவில் மாறவும் செய்யும். பணத்தைக் கையாளும் அறிவுக்கென்று ஒரு செமஸ்டர் பாடத்தைக் கட்டாயமாக்கி 2024-இல் சட்டம் வந்தது. 2031-இல் பள்ளி முடிப்பவர்களிலிருந்து அது அமலாகும். இன சமூகங்களின் வரலாறு பற்றிய பாடத்துக்கு 2021-இலேயே சட்டம் வந்துவிட்டது, ஆனால் நிதி ஒதுக்கினால்தான் கட்டாயம் என்ற நிபந்தனையோடு. இதையெல்லாம் சொல்ல வேண்டியவர் பள்ளிக் கவுன்சிலர். 250 மாணவருக்கு ஒருவர் இருக்க வேண்டும் என்பது அவர்களது தொழில்முறைச் சங்கத்தின் பரிந்துரை. கலிஃபோர்னியாவில் ஒருவர் தலையில் அதைவிட மிக அதிகமான பிள்ளைகள். அவராகக் கூப்பிட்டுச் சொல்வார் என்று காத்திருக்க முடியாது.

கடைசியாக அந்த ஈ கட்டம். ஏபியில் தமிழ் கிடையாது. ஹைஸ்கூல் பாடப் பட்டியலில் தமிழைப் பார்ப்பது மிக அரிது. ஆனாலும் வெளியே உள்ள தனியார் பள்ளியில் படித்த வேற்றுமொழிக்குக் கிரெடிட் கொடுக்கக் கலிஃபோர்னியாச் சட்டத்தில் இடம் இருக்கிறது. 1998-இல் குப்பர்டினோவில் தொடங்கிய கலிஃபோர்னியா தமிழ்க் கழகம் போன்ற வார இறுதிப் பள்ளிகளின் படிப்பைச் சில பள்ளி மாவட்டங்கள் ஏற்றுக்கொள்கின்றன. இருமொழித் தேர்ச்சிக்கு மாநிலம் 2012 முதல் டிப்ளமாவில் ஒட்டித்தரும் முத்திரைக்கும் தமிழ் உதவக்கூடும். பரதநாட்டிய அரங்கேற்றத்துக்கு இந்த அதிர்ஷ்டம் இல்லை. எத்தனை வருடம் ஆடியிருந்தாலும் தனிவகுப்பு எஃப் கட்டத்தை நிரப்பாது, பள்ளியில் ஒரு வருடம் ஓவியமோ நாடகமோ படித்தே ஆக வேண்டும்.

எந்த மாவட்டம் தமிழை ஏற்கிறது, எத்தனை வருடம் வரை, அது ஏ-ஜி கணக்கில் சேருமா அல்லது டிப்ளமாவுக்கு மட்டுமா என்பதெல்லாம் இடத்துக்கு இடம் மாறும். பள்ளியில் ஸ்பானிஷ் எடுப்பதா வேண்டாமா என்று முடிவு செய்யும் முன்பே கவுன்சிலரிடம் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ஒப்புதல் கிடைத்த வருடங்களில் வாரநாட்களில் ஒரு பீரியட் மிச்சமாகும். அதில் என்ன படிப்பது என்பதைப் பிள்ளையிடம் விட்டுவிடலாம்.