பட்டறைக்காரர் போடும் கணக்கு

புதுச்சேரி மூலக்குளம், மேட்டுப்பாளையம் பக்கம் போனால் சிறு லேத் பட்டறைகளைக் காணலாம். சுழலும் இரும்பின்மேல் டர்னர் டூலை வைத்ததும் சீவல் சுருண்டு விழும். கைப்பிடியைத் திருகுவார், நிறுத்துவார், அளப்பார், மீண்டும் திருகுவார்.

இதே வேலையைக் கணிப்பொறியால் இயங்கும் சி.என்.சி. இயந்திரம் தானாகவே செய்துவிடும். எண்களைக் கொண்டு இயந்திரத்தை இயக்கும் முறையை 1952-இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. கல்வி நிறுவனம் செய்து காட்டியது. அன்று கட்டளைகள் துளையிட்ட நாடாவில் இருந்தன. இன்று கணிப்பொறியின் நினைவகத்தில் இருக்கின்றன.

பின் ஏன் எல்லாப் பட்டறைகளும் அதை வாங்கவில்லை? புதுமை என்றால் பயமா? ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

ஒரு புஷ் கடைய லேத்துக்கு 10 நிமிடம், சி.என்.சி.க்கு 3 நிமிடம் என்று வைத்துக்கொள்வோம். ஆனால் வேலையைத் தொடங்குமுன் லேத்தைத் தயார் செய்ய 20 நிமிடம் போதும். சி.என்.சி.க்குக் கட்டளை எழுதி, டூல்களைப் பொருத்திச் சரிபார்க்க 120 நிமிடம் ஆகும்.

5 புஷ் வேண்டுமானால் லேத்துக்கு 70 நிமிடம், சி.என்.சி.க்கோ 135 நிமிடம்! 100 புஷ் என்றால் லேத்துக்கு 1020 நிமிடம்; சி.என்.சி.க்கு 420 தான். 15 புஷ்ஷிலிருந்துதான் சி.என்.சி. முந்துகிறது.

பம்பு செட்டின் தேய்ந்த தண்டைத் தூக்கிக்கொண்டு ஒரு விவசாயி ஓடி வருகிறார். பயிர் தண்ணீருக்குக் காத்திருக்கிறது. தேவை ஒரே ஒரு தண்டு. அதற்கு லேத்தே சிறந்தது. மேலும், வேலை வந்தாலும் வராவிட்டாலும் இயந்திரக் கடனின் தவணை நிற்காது. பட்டறைக்காரர் தயங்குவது இதனால்தான்.

ஆனால் தயங்கிக்கொண்டே இருந்தாலும் நஷ்டம் உண்டு. பெரிய தொழிற்சாலை ஒன்று, மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்குகூடப் பிசகாமல் 500 புஷ் கேட்டால்? அந்த ஆர்டர் சி.என்.சி. உள்ள பட்டறைக்கே போய்விடும். ஆகவே சிலர் லேத்தை வைத்துக்கொண்டு, மொத்த வேலையை மட்டும் சி.என்.சி. உள்ளவரிடம் கூலிக்குக் கொடுத்து வாங்குகிறார்கள். ஆர்டர் நிலையாக வந்தபின் சொந்த இயந்திரம் வாங்கலாம் அல்லவா?

டர்னரின் கதி என்ன? 'ஜி01' என்ற கட்டளை டூலை நேர்கோட்டில் நகர்த்தி வெட்டும். ஆனால் எந்த உலோகத்தை எந்த வேகத்தில் வெட்டினால் டூல் கருகாது? அதைச் சொல்ல அனுபவம் வேண்டும். கட்டளை எழுதக் கற்ற டர்னருக்கு வேலை உண்டு. அதைக் கற்பிக்காத பட்டறையில்தான் அவருக்கு ஆபத்து.

இப்போது நீங்களே கணக்கிடுங்கள்: சி.என்.சி.யைத் தயார் செய்ய 60 நிமிடமே போதும் என்றால், எத்தனையாவது புஷ்ஷில் அது லேத்தை முந்தும்?

(விடை: 6)