குப்பையைத் தின்னும் நண்பன்

நம் வீட்டில் தினமும் குப்பை சேர்கிறது. காய்கறித் தோல், வாழைப்பழத் தோல், டீத்தூள், வாடிய பூ. இவை மக்கும் குப்பை. பிளாஸ்டிக் பையும் கண்ணாடியும் மக்காத குப்பை. இரண்டையும் ஒன்றாகக் கட்டிப் போட்டால் என்ன ஆகும்?

கொச்சி மக்களுக்கு இது தெரியும். 2023 மார்ச் 2 அன்று பிரம்மபுரம் குப்பைக் கிடங்கில் தீப்பிடித்தது. மலைபோல் குவிந்த பிளாஸ்டிக் எரிந்தது. தீயை அணைக்கப் பத்து நாட்களுக்கு மேல் ஆனது. ஊரெங்கும் புகை. பள்ளிகளுக்கு விடுமுறை விட்டார்கள். நாம் வீசிய குப்பை நம் மூச்சுக்கே திரும்பி வந்தது.

மட்டாஞ்சேரியில் வீடுகள் நெருக்கமானவை. குழி வெட்ட இடம் இல்லை. தோண்டினால் தண்ணீர் ஊறும். அதற்கும் ஒரு வழி உண்டு. அதுதான் மண்புழுத் தொட்டி.

மண்புழு என்ன செய்கிறது?

மண்புழுவுக்குப் பல் இல்லை. மக்கிய பொருளை விழுங்கி, அரைத்து, எருவாக வெளியே தள்ளும். அது தோலால் மூச்சு விடுகிறது. ஆகவே ஈரம் வேண்டும். ஆனால் தண்ணீர் தேங்கினால் செத்துவிடும். வெளிச்சமும் ஆகாது.

டார்வின் என்ற அறிஞர் 1881-இல் மண்புழுவைப் பற்றியே ஒரு புத்தகம் எழுதினார். சென்னை புதுக் கல்லூரிப் பேராசிரியர் சுல்தான் அகமது இஸ்மாயில், நம் நாட்டுப் புழுக்களே உரம் தயாரிக்கப் போதும் என்று எடுத்துச் சொன்னார்.

தொட்டி அமைப்பது எப்படி?

2 அடி நீளம், 1 அடி ஆழம் உள்ள பழைய பிளாஸ்டிக் தொட்டி போதும். அடியில் சிறு ஓட்டைகள் போடுங்கள். செங்கல் மேல் உயர்த்தி வையுங்கள். ஓதத் தண்ணீர் வாசலுக்கு வரும் தெருக்களில் இது மிகவும் தேவை.

முதலில் உடைந்த ஓட்டுத் துண்டு. அதன் மேல் தேங்காய் நார். அதன் மேல் 4 அங்குலம் பழைய சாணி. புதுச் சாணி சூடாகும். புழு சாகும். பிறகு கால் கிலோ புழுவை விடுங்கள். ஈரச் சாக்கால் மூடுங்கள். புழு கிடைக்கும் இடத்தைக் கிருஷி பவனில் கேட்டுப் பாருங்கள். ஆழ மண்ணில் வாழும் புழு இதற்கு உதவாது. குப்பையில் வாழும் புழுதான் வேண்டும்.

எதைப் போடலாம்?

காய்த் தோல், கீரைத் தண்டு, டீத்தூள், காய்ந்த இலை போடலாம். சிறிதாக நறுக்கிப் போடுங்கள். தொடக்கத்தில் தினம் இரண்டு கைப்பிடி போதும். புழு பெருகிய பிறகு கூட்டலாம்.

மீன் கழிவு, இறைச்சி, எண்ணெய், ஊறுகாய், உப்புப் போட்ட சோறு, எலுமிச்சைத் தோல், மிளகாய் போடக் கூடாது. மீன் போட்டால் நாற்றம் வரும். எலியும் வரும்.

இதைக் கவனியுங்கள்

நாற்றம் வந்தால் ஈரமோ தீனியோ அதிகம் என்று பொருள். தீனியை நிறுத்துங்கள். காய்ந்த இலையைக் கலந்து கிளறிவிடுங்கள். எறும்பு வந்தால், தொட்டியைத் தாங்கும் செங்கற்களைத் தண்ணீர்த் தட்டில் வையுங்கள். ஜூன் மாத மழையில் தொட்டி நனையாத இடத்தில் இருக்கட்டும். கோடையில் சாக்கை நனைத்து வையுங்கள்.

சுமார் இரண்டு மாதத்தில் தொட்டியில் இருப்பது டீத்தூள் போல் கருப்பாக மாறும். மண் வாசனை வரும். சில நாள் தண்ணீர் தெளிக்காதீர்கள். பிறகு வெளிச்சத்தில் குவியுங்கள். புழு அடியில் போய்விடும். மேலே உள்ள உரத்தை எடுத்துச் சலியுங்கள். புழுவை மறுபடி தொட்டியில் விடுங்கள்.

இந்த உரத்தைக் கறிவேப்பிலை, துளசி, மிளகாய்ச் செடிகளுக்கு இடலாம். அடியில் வடியும் நீரில் பத்து மடங்கு தண்ணீர் கலந்து ஊற்றலாம்.

ஒரு நோட்டு வையுங்கள். புழு விட்ட தேதி, உரம் எடுத்த தேதி, எடை ஆகியவற்றை எழுதுங்கள். அடுத்த வீட்டாருக்கும் படித்துக் காட்டுங்கள்.

பேசிப் பாருங்கள்

1. உங்கள் வீட்டில் ஒரு நாளில் சேரும் குப்பையில் மக்குவது எவ்வளவு?
2. உங்கள் தெருவில் பத்து வீடுகள் சேர்ந்து தொட்டி வைக்க இடம் உண்டா?