சுயதொழில் ஒப்பந்ததாரரும் நிறுவன விருந்துகளும்

ஒரு நிறுவனத்தின் ஊழியராகச் சேராமல், ஒப்பந்த அடிப்படையில் அதற்குப் பணி செய்து கட்டணம் பெறுபவர் சுயதொழில் ஒப்பந்ததாரர் எனப்படுகிறார். மென்பொருள் வல்லுநர்கள், மருத்துவர்கள், வடிவமைப்பாளர்கள் பலர் இம்முறையில் பணியாற்றுகின்றனர். வாடிக்கையாளர் நிறுவனம் நடத்தும் விருந்திலோ சுற்றுலாவிலோ கலந்துகொண்டால் வரித்துறை தம்மை ஊழியராகக் கருதிவிடுமோ என்பது இவர்களுக்கு எழும் ஐயங்களுள் ஒன்று. கலந்துகொள்வதால் மட்டும் ஒருவரின் நிலை மாறுவதில்லை. ஒதுங்கி இருப்பதால் மட்டும் அது காக்கப்படுவதும் இல்லை.

நிலையைப் பொறுத்த வேறுபாடு

இந்திய வருமான வரிச் சட்டம், 1961 இன்படி ஊழியர் பெறுவது சம்பளம். ஒப்பந்ததாரர் பெறுவது தொழில் வருமானம். சம்பளத்திற்கு 192ஆம் பிரிவின் கீழும், தொழில்முறைக் கட்டணத்திற்கு 194ஜே பிரிவின் கீழ் 10 விழுக்காடும் (தொழில்நுட்பச் சேவையாயின் 2 விழுக்காடு) வரி பிடிக்கப்பட்டது. பொறியியல், மருத்துவம் போன்ற குறித்த தொழில்களில் ஆண்டு வரவு 50 இலட்சம் ரூபாய்க்கு மிகாதவர் அதில் பாதியை வருமானமாகக் காட்டலாம். ரொக்க வரவு 5 விழுக்காட்டிற்கு மிகாவிடில் இவ்வரம்பு 75 இலட்சம். 2026 ஏப்ரல் 1 முதல் வருமான வரிச் சட்டம், 2025 நடைமுறைக்கு வந்ததால் பிரிவு எண்கள் மாறியுள்ளன. சம்பளம், தொழில் வருமானம் என்ற பாகுபாடு மாறவில்லை.

வருங்கால வைப்பு நிதி, பணிக்கொடை, சம்பளத்துடன் கூடிய விடுப்பு ஆகியவை ஊழியருக்கு உரியவை. ஆகவே ஒருவரை ஒப்பந்ததாரர் என்று அழைப்பது நிறுவனத்திற்கு இலாபம் தரக்கூடியது. வரித்துறையும் நீதிமன்றங்களும் பெயரை நம்பாமல் உள்ளே பார்ப்பதற்கு இதுவே காரணம்.

இந்திய நீதிமன்றங்களின் அணுகுமுறை

தாரங்கதரா கெமிக்கல் ஒர்க்ஸ் வழக்கில் (1957) உப்பளத் தொழிலாளர் விளைவித்த உப்பின் அளவுக்கேற்பவே கூலி பெற்றனர். ஆயினும் பணி செய்யும் முறையை நிறுவனம் மேற்பார்வையிட்டதால் அவர்கள் தொழிலாளரே என உச்ச நீதிமன்றம் கூறியது. சில்வர் ஜூபிலி டெய்லரிங் ஹவுஸ் வழக்கில் (1974), கட்டுப்பாடு ஒன்றே சோதனை அன்று எனவும், தையல் எந்திரம் யாருடையது என்பன போன்றவற்றையும் நோக்கவேண்டும் எனவும் விளக்கியது.

வருமான வரியில் இதற்கு மறுபக்கமாக அமைந்தது புனேயின் கிராண்ட் மெடிக்கல் பவுண்டேசன் வழக்கு. மருத்துவமனை தன் மருத்துவர்களுக்குத் தந்த தொகை சம்பளமே என்று வரித்துறை வாதிட்டது. ஒப்பந்தத்தை முழுமையாகப் படிக்கவேண்டும் என்று கூறி, 2015 இல் மும்பை உயர் நீதிமன்றம் அவ்வாதத்தை ஏற்க மறுத்தது.

மைக்ரோசாஃப்ட் வழக்கு

விருந்துகளைப் பொறுத்தவரை மிகத் தெளிவான பாடம் அமெரிக்க ஐக்கிய நாடுகளிலிருந்து கிடைக்கிறது. 1980களில் மைக்ரோசாஃப்ட் நிறுவனம் பலரைச் சுயதொழில் ஒப்பந்ததாரர் என்று எழுதி வாங்கிக்கொண்டு பணியமர்த்தியது. அவர்களுக்கு வேறு நிற அடையாள அட்டை, வேறு வகை மின்னஞ்சல் முகவரி. நிறுவனத்தின் அதிகாரப்பூர்வ நிகழ்வுகளுக்கு அவர்கள் அழைக்கப்படவில்லை. ஆனால் ஊழியர்களோடு ஒரே குழுவில், ஒரே மேலாளரின் கீழ், ஒரே நேரத்தில், அதே பணியைச் செய்தனர். 1989, 1990 ஆண்டுகளில் ஆய்வு செய்த வரித்துறை அவர்களை ஊழியர் என்றே முடிவு செய்தது. இதைத் தொடர்ந்து, ஊழியருக்குரிய பங்கு வாங்கும் திட்டம் முதலிய பலன்களைக் கோரி 1992 இல் விஸ்கெய்னோ என்பவரும் பிறரும் தொடுத்த வழக்கு, 2000 இல் சுமார் 9 கோடியே 70 இலட்சம் டாலர் இழப்பீட்டு உடன்படிக்கையில் முடிந்தது. விருந்துக்கு அழைக்காமல் விட்டது நிறுவனத்திற்கு எவ்வகையிலும் கைகொடுக்கவில்லை.

ஐக்கிய இராச்சியம்

இங்குள்ள ஒப்பந்ததாரரிடையே இவ்வச்சம் மிகுதி. தம் சொந்தச் சிறு நிறுவனத்தின் வழியாகப் பணிபுரிவோர் உண்மையில் ஊழியரைப் போன்றவரா எனப் பார்க்கும் ஐ.ஆர்.35 விதிகள் 2000 ஏப்ரலில் வந்தன. ஒருவர் நிறுவனத்தின் 'உள்ளுறுப்பாக' மாறிவிட்டாரா என்பதும் சோதனைகளுள் ஒன்று. 1952 ஆம் ஆண்டுத் தீர்ப்பொன்றில் நீதிபதி டென்னிங் கூறிய கருத்து இதன் வேர். விருந்து பற்றிய கேள்வி இங்குதான் நுழைகிறது. எனினும் கட்டுப்பாடு, தமக்குப் பதிலாக வேறொருவரை அனுப்பும் உரிமை, பணி தரவும் ஏற்கவும் இருதரப்புக்கும் உள்ள கடப்பாடு ஆகியவற்றின் முன் அது மிகச் சிறிய சான்று. ஆண்டு விருந்துக்குத் தலைக்கு 150 பவுண்டு வரையிலான வரிவிலக்கு ஊழியருக்கே உரியது.

சுற்றுலாச் செலவும் வரியும்

இந்தியாவில் உண்மையான சிக்கல் நிலை பற்றியதன்று, செலவு பற்றியது. பெங்களூர் நிறுவனம் ஒன்று தன் குழுவினரைச் சேர்வராயன் மலையில் ஏற்காடு, மாரமங்கலம் பகுதிக்கு இரு நாள் அழைத்துச் செல்வதாகவும், ஒப்பந்ததாரர் ஒருவரும் உடன் செல்வதாகவும் கொள்வோம். தொழில் வழியாகக் கிடைக்கும் பொருள்சார் பலனும் அவருக்கு வருமானமே. ஓராண்டில் இத்தகைய பலன்களின் மதிப்பு 20,000 ரூபாயைத் தாண்டினால் தருபவர் 10 விழுக்காடு வரி பிடிக்கவேண்டும் என்ற விதி 194ஆர் பிரிவாக 2022 சூலை 1 அன்று நடைமுறைக்கு வந்தது. புதிய சட்டத்திலும் இது தொடர்கிறது. குழுவாக நடந்த நிகழ்வில் ஒவ்வொருவரின் பங்கையும் பிரிப்பது கடினமாயின், நிறுவனம் அச்செலவைத் தன் கணக்கில் கழிக்காமல் விட்டு, பிடித்தத்தைத் தவிர்க்கலாம் என 2022 ஆம் ஆண்டின் 18ஆம் சுற்றறிக்கை இடமளித்தது.

விருந்தில் கழிந்த நேரத்திற்கு ஒப்பந்ததாரர் கட்டணப் பட்டியல் அனுப்பாமல் இருப்பது நன்று. வராத ஒப்பந்ததாரரிடம் விளக்கம் கேட்பது, விடுப்பு விண்ணப்பம் கோருவது போன்ற செயல்கள், விருந்தில் உண்ட பிரியாணியைக் காட்டிலும் வலுவான சான்றாகும். பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம், 2013 பாதிக்கப்பட்ட பெண் அந்நிறுவனத்தின் ஊழியராக இருக்கவேண்டும் எனக் கோரவில்லை. பணியின் பொருட்டுச் செல்லும் இடங்களும் அச்சட்டத்தின்படி பணியிடமே.