நல்ல படம்தான்... ஆனா கொட்டாவி வருதே!

'கால் மீ பை யுவர் நேம்' என்று பேச்செடுத்தாலே, "அடடா, என்ன படம்!" என்று உருகுகிறவர்கள்தான் அதிகம். அந்த இடத்தில் "எனக்கு போரடிச்சுது" என்று சொல்லக் கொஞ்சம் தைரியம் வேண்டும். சொல்லிவிடுகிறேன்... எனக்கு போரடித்தது.

2017-ல் வந்த படம். கதை நடப்பது 1983 கோடையில், வட இத்தாலியில். தொல்லியல் பேராசிரியரின் 17 வயது மகன் எலியோ. அவர்கள் வீட்டில் தங்க வருகிறான், 24 வயது அமெரிக்க மாணவன் ஆலிவர். இருவருக்கும் காதல். கோடை முடிகிறது, பிரிகிறார்கள். அவ்வளவுதான்.

படமாக்கத்தில் குறையே சொல்ல முடியாது. தாய்லாந்து ஒளிப்பதிவாளர் சயோம்பு முக்தீப்ரோம், முழுப் படத்தையும் ஒரே லென்ஸில் எடுத்திருக்கிறார். வெயிலும் தண்ணீரும் அத்தனை அழகு. எலியோவாக டிமோதி ஷாலமே, நடிக்கிற மாதிரியே தெரியவில்லை. திரைக்கதைக்காக ஜேம்ஸ் ஐவரி ஆஸ்கர் வாங்கியபோது அவருக்கு வயது 89!

பிறகு ஏன் கொட்டாவி?

இந்தக் காதலுக்குத் தடையே இல்லை. அப்பா, அம்மா இருவரும் தங்கம். பணக் கவலை கிடையாது. சைக்கிள், நீச்சல், புத்தகம், மதியத் தூக்கம் என்று நாள்கள் நகர்கின்றன. 'அடுத்து என்ன ஆகுமோ' என்ற பதைப்பு எங்கிருந்து வரும்?

இன்னொரு காரணமும் உண்டு. ஆந்த்ரே அசிமான் எழுதிய மூல நாவலில் கதை சொல்வதே எலியோதான். அவன் சும்மா படுத்திருந்தாலும் மனசு ஓயாமல் பேசும். படத்தில் அந்தக் குரல் இல்லை. படுத்திருக்கும் பையன் மட்டும்தான் மிச்சம்.

ரசிகர்கள் தரப்பிலும் நியாயம் இருக்கிறது. ஆணும் ஆணும் காதலிக்கும் படங்கள் பல, அடி உதையிலோ மரணத்திலோதான் முடிந்திருக்கின்றன. 2005-ல் வந்த 'புரோக்பேக் மவுன்டன்' ஓர் உதாரணம். பயந்து பயந்து வளர்ந்த ஒருவருக்கு, வில்லனே இல்லாத இந்தக் கோடை பெரிய ஆறுதலாக இருக்கும். எனக்குச் சலிப்பு தந்த அதே விஷயம், அவருக்கு நிம்மதி.

கடைசியில் அப்பா மகனிடம் பேசும் காட்சி மட்டும் என்னையும் அசைத்தது. வலிக்கிறதே என்று மனசை மரத்துப்போக விடாதே என்கிறார். எல்லாப் பிள்ளைகளுக்கும் இப்படி ஓர் அப்பா கிடைக்க வேண்டும். ஆனால், அந்தச் சில நிமிடங்களுக்காக 132 நிமிடப் படத்தில் ரொம்ப நேரம் காத்திருக்க வேண்டியிருக்கிறது.

'நன்றாக எடுத்த படம்' என்பது ஒரு மார்க். 'என்னை இழுத்துப் பிடித்த படம்' என்பது வேறு மார்க். முதலாவதில் சென்டம் வாங்கியதாலேயே இரண்டாவதிலும் வாங்கிவிடாது. விருதுப் படம் பார்த்து வீட்டில் யாராவது "போர்" என்றால், "உனக்கு ரசனை இல்லை" என்று வாயை அடைக்காதீர்கள். "எந்த இடத்துல போரடிச்சுது?" என்று கேளுங்கள். நல்ல அரட்டை அங்கேதான் ஆரம்பிக்கும்.

பின்குறிப்பு: இது குழந்தைகளோடு பார்க்கிற படம் அல்ல. பெரியவர்கள் பார்த்தால், கடைசி டைட்டில் ஓடி முடியும்வரை எழுந்துவிடாதீர்கள். ஷாலமேயின் முகம் அங்கேதான் முழுக்கதையையும் சொல்கிறது.