உங்களுக்குத் தெரியுமா? கால்சட்டைக் கோவில்!

திருநெல்வேலி மாவட்டம் வடக்கன்குளத்தில் 1872-இல் எழுந்த கத்தோலிக்க ஆலயத்துக்கு இரண்டு கால்கள். பீடம் ஒன்றுதான். ஆனால் அங்கிருந்து இரு கூடங்கள் சுவரால் தனித்தனியாகப் பிரிந்தன. ஒன்றில் வெள்ளாளர் முதலானோர், மற்றதில் நாடார்கள். இரு தரப்புக்கும் பூசை தெரிந்தது, ஒருவர் முகம் மற்றவருக்குத் தெரியவில்லை. சாதிக்காகவே போட்ட வரைபடம் என்றால் மிகையில்லை!

1891-இல் திருத்தந்தை பதின்மூன்றாம் லியோ தொழிலாளர் உரிமைக்காக 'ரேரும் நோவாரும்' சுற்றுமடலை வெளியிட்டார். கத்தோலிக்கச் சமூகப் போதனையின் தொடக்கம் அதுவே என்பார்கள். வடக்கன்குளத்துச் சுவரோ அசையவில்லை. 1910-இல்தான் திருச்சி ஆயர் பார்த்தே அதை அகற்றினார். சுவரை விரும்பியவர்கள் சும்மா விடுவார்களா? மைக்கேல் பிள்ளை என்பவர் ஆயர்மீது தொடுத்த வழக்கு சென்னை உயர் நீதிமன்றம் வரை வந்தது. சாதிச் சுவர் கேட்டவர்கள் தோற்றார்கள்.

ஆனாலும் திருச்சபையில் சாதி ஒழிந்துவிடவில்லை. 2003 நவம்பரில், ரோமுக்கு வந்திருந்த தமிழக ஆயர்களிடம் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் சாதிப் பாகுபாட்டைக் கண்டித்துப் பேச வேண்டியிருந்தது.